மோட்டார் சைக்கிளின் பின்சில்லும் செயினும்: வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய பராமரிப்பு

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குடியிருப்பு ஓரிடமாகவும் நிலம் வேறிடமாகவும் இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கில் விட்டுவந்த காணிகள் 2009இன் பின்னர் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டபோது, வீடு கட்ட வசதியில்லாதவர்கள் உறவினர் வீட்டிலிருந்து விடியற்காலையிற் புறப்பட்டுப் போய்த் தோட்டத்துக்கு இறைத்துவிட்டுத் திரும்பினார்கள். வன்னியில் மீளக்குடியமர்ந்தவர்களுக்கோ சந்தையும் ஆஸ்பத்திரியும் பல மைல் தூரம். இந்தத் தூரத்தை அவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். வெங்காயப் பையும் மரவள்ளிக் கிழங்கும் உரமும் அதிற்றான் போகின்றன. காய்ச்சற்காரப் பிள்ளையும் அதிற்றான் போகிறது.

இவ்வளவு பாரத்தையும் சுமப்பது பின்சில்லு. ஆனால் எமது மக்கள் அதிகம் கவனிப்பது இயந்திரத்தை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டிக் காட்டியவர்கள் நாம். அந்தக் கெட்டித்தனத்தில் பத்தில் ஒரு பங்கைப் பின்சில்லுக்குக் கொடுத்திருந்தால் எத்தனையோ செலவுகளையும் சில விபத்துக்களையும் தவிர்த்திருக்கலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலையும் ஏறிப்போயிற்று. ஆகையால் கையிலிருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதே பலருக்கு உள்ள ஒரே வழி.

செயின் ஏன் இவ்வளவு கவனம் கேட்கிறது?

இயந்திரத்தின் விசையைப் பின்சில்லுக்குக் கொண்டுபோக இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று செயின். மற்றது சுழல் தண்டு, அதாவது சாஃப்ட். நெடுந்தூரப் பயணத்துக்கென்று வெளிநாடுகளிற் செய்யப்படும் பெரிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிற் செயினே இல்லை. ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. 1923இல் வெளியிட்ட ஆர் 32 என்ற வண்டியிலேயே சாஃப்ட் இருந்தது. ஹொண்டாவின் கோல்ட் விங் 1975இல் வந்தபோதும் அப்படியே. உழவு இயந்திரத்தின் பின்னாற் பூட்டும் பி.ரி.ஓ. சாஃப்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு விளங்கும். அவ்வகை மோட்டார் சைக்கிளில் அந்தத் தண்டு ஒரு குழாய்க்குள்ளும், அதன் முடிவிலுள்ள பற்சில்லுகள் ஒயில் நிரம்பிய மூடிய பெட்டிக்குள்ளும் இருக்கின்றன. மணலும் மழையும் அவற்றைத் தொடுவதில்லை. உரிய காலத்தில் அந்த ஒயிலை மாற்றி, பின்சில்லைக் கழற்றும்போது தண்டின் பல்வெட்டுக்களுக்குக் கிறீஸ் பூசினால் அது நெடுங்காலம் உழைக்கும்.

அந்த அமைப்பு பாரமானது, விலையும் கூடியது. எமது ஹொண்டா 90, எம்.டி. 90 தொடக்கம் இந்திய 100 சிசி வண்டிகள் வரை எல்லாம் செயினில் ஓடுகின்றன. செயின் மலிவு, சாதாரண சாவிகளைக் கொண்டே கழற்றிப் பூட்டலாம். ஆனால் அது வெளியே, சில்லுக்குப் பக்கத்தில், புழுதிக்குள் ஓடுகிறது. சாஃப்டுக்கு அந்த ஒயில் பெட்டி செய்கின்ற வேலையைச் செயினுக்கு வண்டிக்காரரின் கைதான் செய்யவேண்டும்.

பழைய ஹொண்டாக்களிற் செயினை முழுவதும் மூடிய தகரப்பெட்டி உண்டு. சத்தம் போடுகிறது, கழற்றிப் பூட்டச் சிரமம் என்று சொல்லி அதைக் கழற்றி எறிபவர்கள் இருக்கிறார்கள். இது எமக்கு உடன்பாடில்லை. கிரவல் வீதியில் ஓடும் வண்டிக்கு அந்தத் தகரந்தான் செயினின் ஆயுள். பின்னால் இருப்பவரின் சேலைத் தலைப்பையும் அதுதான் காப்பாற்றுகிறது. சத்தம் போட்டால் நெளிவை எடுத்து, போல்ட்களுக்கு வாசர் போட்டு இறுக்குங்கள்.

துப்புரவும் ஒயிலும்

முதலில் ஓர் எச்சரிக்கை. இயந்திரத்தை இயக்கிக் கியரிற் போட்டுவிட்டு, ஓடுகின்ற செயினைத் துணியாற் பிடித்துத் துடைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. துணியைப் பற்சில்லு இழுக்கும்போது விரலும் சேர்ந்தே போகும். பின்சில்லில் வேலை செய்யும்போது இயந்திரம் நின்றிருக்கவேண்டும், கியர் நியூட்ரலில் இருக்கவேண்டும், திறப்பு உங்கள் சட்டைப்பையில் இருக்கவேண்டும். சில்லைக் கையால் மட்டும் சுற்றுங்கள். சிறுபிள்ளைகளைக் கிட்ட விடவேண்டாம். சுற்றுகின்ற சில்லு அவர்களுக்கு விளையாட்டுப் பொருள்.

வண்டியை நடு ஸ்ராண்டிற் போட்டு, பழைய பற்தூரிகையை மண்ணெண்ணெயில் தோய்த்துச் செயினின் நான்கு பக்கத்தையும் தேய்க்கவேண்டும். பெற்றோல் வேண்டாம், தீப்பற்றும் ஆபத்து அதிகம். கழுவியபின் பழந்துணியால் துடைத்து நன்றாக உலர விடுங்கள்.

ஒயில் போகவேண்டிய இடம் செயினின் வெளிப்புறம் அல்ல. தட்டுக்களுக்கு நடுவிலுள்ள உருளைக்கும் அதன் ஆணிக்கும் இடையிலுள்ள நுண்ணிய வெளி. ஆகையாற் கீழே ஓடும் பகுதியின் உட்புறத்தில், சில்லை மெதுவாகச் சுற்றியபடி துளித்துளியாக விடவேண்டும். சில்லு சுழலும்போது ஒயில் வெளிநோக்கித் தானாகப் பரவும். 80 அல்லது 90 இலக்கக் கியர் ஒயில் மிகவும் நல்லது. கிடைக்காவிட்டாற் புதிய இயந்திர ஒயில் போதும். இயந்திரத்திலிருந்து வடித்த கறுத்த ஒயிலை வீண்போகக்கூடாதென்று செயினுக்கு விடுவது பரவலான வழக்கம். அதில் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கின்றன. கிறீஸை அப்பி விடுவதும் அவ்வளவு நல்லதல்ல. அது உள்ளே போகாது, வெளியில் நின்று மணலைப் பிடிக்கும். மணலும் கிறீஸும் சேர்ந்தால் கத்தி தீட்டும் பசைக்குச் சமம்.

மாலையில் வேலை முடித்து வந்ததும், செயின் சூடாக இருக்கும்போது ஒயில் விட்டு, இரவு ஊற வைத்து, காலையில் மேலதிகமானதைத் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள். மழைக்காலத்திலும் வெள்ளத்துக்குள்ளால் வந்த நாளிலும் இது தவறக்கூடாது.

செயின் முடிந்துவிட்டதா என்று அறிதல்

செயின் 'இழுபடுகிறது' என்கிறோம். உண்மையில் இரும்புத் தட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு ஆணியும் சிறிது சிறிதாகத் தேய, நூறு ஆணிகளின் தேய்வும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. இதை அளக்க ஒரு தையல் நாடா போதும். எமது வண்டிகளிலுள்ள 420, 428 இலக்கச் செயின்கள் இரண்டுக்கும் ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. எனவே ஓர் ஆணியின் நடுவிலிருந்து, அதை ஒன்றென எண்ணத் தொடங்கி, இருபத்தோராவது ஆணியின் நடுவரை புதிய செயினில் 254 மி.மீ. இருக்கும். செயினை இறுக்கிப் பிடித்து அளக்கும்போது அது 259 மி.மீ. ஆகிவிட்டிருந்தால் மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது.

நாடாவும் இல்லாவிட்டால், பின் பற்சில்லின் பின்விளிம்பிற் செயினை விரலாற் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி வெளியே தெரியுமாயின் செயின் முடிந்தது. பற்களையும் பாருங்கள். புதிய பல் இரு பக்கமும் ஒரே சரிவாக இருக்கும். தேய்ந்த பல் கொக்கத்தடியின் முனைபோல ஒரு பக்கமாக வளைந்திருக்கும்.

செயினை மட்டும் மாற்றி, தேய்ந்த பற்சில்லுகளை அப்படியே விட்டாற் பணம் மிச்சம் என்று தோன்றும். வளைந்த பல்லிற் புதிய செயின் சரியாக உட்காராது. பழையதைவிட விரைவில் தேயும். முன் பற்சில்லு, பின் பற்சில்லு, செயின் மூன்றையும் ஒரு செட்டாக மாற்றுவதே முடிவில் மலிவு. பூட்டும்போது இணைப்பு வளையத்திலுள்ள கிளிப்பைக் கவனியுங்கள். அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கவேண்டும், வாய் பிளந்த பக்கம் பின்னால் இருக்கவேண்டும். மாறிப் போட்டால் எங்காவது தட்டுப்பட்டுக் கழன்று விழும்.

தொய்வும் பாரமும்

எமது வாசகர்கள் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் பகுதியை வைத்திருக்கட்டும்.

செயினுக்குக் கொஞ்சம் தொய்வு இருக்கவேண்டும். கீழ்ப் பகுதியின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் சிறிய ஹொண்டாக்களில் 10 முதல் 20 மி.மீ. வரையும், 100 சிசி வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. வரையும் ஆடலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்ளுங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. சில்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளக்கவேண்டும்.

பலர் இதை வண்டி வெறுமையாக நிற்கும்போது செய்து, தொய்வு கூடிவிட்டதென்று இழுத்து இறுக்கிவிடுகிறார்கள். நடு ஸ்ராண்டில் நிற்கும் வண்டியின் பின்சில்லு கீழே தொங்குகிறது. அதைத் தாங்கும் கவை, மடித்த முழங்கைபோல, இயந்திரத்திலிருந்து சரிந்து நிற்கிறது. இரண்டு மூட்டையை ஏற்றினால் சொக் அப்சோபர் அமுங்கி, கவை மேலெழுந்து, முன் பற்சில்லும் கவையின் மூட்டும் பின் அச்சும் ஒரே நேர்கோட்டுக்கு வருகின்றன. முழங்கையை நீட்டினாற் கை நீளுவதுபோல அப்போது முன் பற்சில்லுக்கும் பின் பற்சில்லுக்கும் உள்ள தூரம் கூடுகிறது. ஆகவே பாரம் ஏற ஏறச் செயின் இறுகுகிறது. வெறும் வண்டியிற் 'சரியாக' இறுக்கப்பட்ட செயின், 50 கிலோ நெல்லும் ஆளும் ஏறி ஒரு கிடங்கில் விழும்போது வீணைத் தந்திபோலாகும். அந்த இழுவை முதலிற் பின்சில்லின் பெயறிங்கையும், பிறகு இயந்திரத்தின் வெளிவரும் தண்டின் பெயறிங்கையும் தின்னும். செயின் அறுந்து பற்சில்லுக்கும் இயந்திரப் பெட்டிக்கும் இடையிற் சிக்கினால் பெட்டியே உடையலாம், சில்லு பூட்டிக்கொள்ளவும் கூடும்.

செய்யவேண்டியது இலகு. செயினைச் சரிசெய்தபின், வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, ஒருவர் இருக்கையில் இருக்க, மற்றவர் செயினை அசைத்துப் பார்க்கவேண்டும். அப்போதும் சிறிதாவது ஆடவேண்டும். ஆடாவிட்டால் இளக்குங்கள். பாரம் ஏற்றும் வண்டிக்குச் செயின் சற்றுத் தொய்வாக இருப்பது நல்லது, இறுக்கமாக இருப்பது கெட்டது.

தொய்வைச் சரிசெய்ய அச்சு நட்டை இளக்கி, இரு பக்கத்திலுமுள்ள சரிசெய்யும் நட்டை ஒரே அளவாகத் திருகுங்கள். கவையிற் கோடுகள் இருக்கும். விழுந்து எழும்பிய வண்டிகளில் அந்தக் கோடுகளை நம்பமுடியாது. கவையின் மூட்டு ஆணியின் நடுவிலிருந்து அச்சின் நடுவரை ஒரு நூல் பிடித்து, அதே நூலை மறுபக்கமும் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒத்தாற் சில்லு நேராக நிற்கிறது. பிறகு அச்சு நட்டை இறுக்க மறவாதீர்கள்.

சில்லைக் கழற்றுதல்

சில்லுக் கழற்ற வேண்டிய சாவிகள் அதிகமில்லை. 10, 12, 14, 17, 19 இலக்க ஸ்பனர்களும் ஒரு குறடும் சுத்தியலும் இருந்தாற் பெரும்பாலும் போதும். முதலிற் பிறேக் கம்பியின் நுனியிலுள்ள நட்டைக் கழற்றி, கம்பியை விடுவித்து, அதன் சுருளையும் குற்றியையும் கம்பியிலேயே திரும்பப் பூட்டி வையுங்கள். மணலில் விழுந்தாற் தேடவேண்டியதில்லை. அடுத்துப் பிறேக் தட்டைக் கவையோடு பிடிக்கும் இரும்புப் பட்டையின் போல்ட். பின்பு அச்சு நட். அச்சை உருவும்போது இடையிலுள்ள புஷ் விழும். எந்தப் பக்கத்தில் எது இருந்ததென்று, கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு சாக்கில் வரிசையாக வைத்துவிட்டாற் பூட்டும்போது குழப்பமில்லை.

ஹொண்டா 90 போன்ற பல வண்டிகளிற் பற்சில்லு ஒரு தனி நட்டால் கவையிற் பூட்டப்பட்டிருக்கும். அதைத் தொடாமல் அச்சை மட்டும் உருவினால், பற்சில்லும் செயினும் இருந்த இடத்திலேயே நிற்க, சில்லு மட்டும் பக்கவாட்டாகக் கழன்று வரும். ஒட்டுப் போடுவதற்குச் செயினைக் கழற்றத் தேவையில்லை.

கழற்றிய இடத்தில், சில்லின் நடு ஹப்புக்குள், றப்பர்த் துண்டுகள் தெரியும். இயந்திரத்தின் இழுவை திடீரென்று செயினைத் தாக்காமல் வாங்கிக்கொள்பவை இவை. நசிந்து சிறுத்திருந்தாற் கியர் மாற்றும்போது 'டக்' என்று அடிக்கும். பழைய ரியூப்பை வெட்டிச் செருகிச் சமாளிப்பவர்கள் உண்டு. அவசரத்துக்குச் சரி; புதியது கிடைத்ததும் மாற்றிவிடுங்கள்.

பெயறிங்கின் உள்வளையத்திற் சுண்டுவிரலை விட்டுச் சுற்றுங்கள். வழுவழுவென்று சுற்றவேண்டும். கரகரத்தாலோ ஆடினாலோ மாற்றவேண்டும். பழையதன் பக்கத்திற் பொறித்துள்ள இலக்கத்தைக் கடையிற் காட்டி, இரு பக்கமும் றப்பர் மூடியுள்ள வகையைக் கேளுங்கள். வயல் வெள்ளத்துக்குள் ஓடுபவர்களுக்கு அதுவே நல்லது. அடித்துப் பூட்டும்போது வெளிவளையத்தில் மட்டும் அடிக்கவேண்டும். உள்வளையத்தில் அடித்தாற் புதிய பெயறிங் அப்போதே பழுது. இரு பெயறிங்குக்கும் நடுவிலுள்ள நீளக் குழாயைப் போட மறந்தால், அச்சை இறுக்க இறுக்கப் பெயறிங் நசியும்.

பிறேக்

பிறேக் சூவின் தூசை வாயால் ஊதவேண்டாம். பழைய சூக்களில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடானது. ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சூவின் தோல் 2 மி.மீற்றருக்குக் குறைந்தால் மாற்றவேண்டும். சூவை விரிக்கும் தண்டுக்கு மிகக் கொஞ்சம் கிறீஸ் பூசலாம். தோலிலோ ஹப்பின் உட்புறத்திலோ ஒரு துளியும் படக்கூடாது.

முன்பு சொன்ன இரும்புப் பட்டைக்கு மீண்டும் வருவோம். பார்வைக்கு அது ஒரு சாதாரணத் துண்டு. ஆனாற் பிறேக் பிடிக்கும்போது தட்டு சில்லோடு சேர்ந்து சுழலாமல் தடுத்து வைப்பது அது மட்டுமே. அதன் போல்ட் கழன்றால், பிறேக்கை மிதித்த கணத்தில் தட்டு சுழன்று, கம்பியை முறுக்கி இழுத்து, சில்லைப் பூட்டிவிடும். பின்னால் மனைவியும் மடியிற் பிள்ளையும் இருக்கும்போது இது நடந்தால் என்னவாகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. அந்தப் போல்ட்டின் நுனியில் ஒரு கொட்டர் பின் செருகவேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. இருந்தாலும் ஒரு துண்டுக் கட்டுக்கம்பிதான். புதிய பின்னுக்குச் செலவு மிகச் சிறிது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதியதைப் போடுங்கள்.

கம்பிகளும் ரயரும்

சில்லுக் கம்பிகளை ஸ்பனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். இறுகிய கம்பி மணிபோலக் கேட்கும். இளகியது செத்த ஓசை தரும். ஒரு கம்பி உடைந்தாற் பக்கத்துக் கம்பிகள் அதன் பாரத்தைச் சுமந்து, அடுத்தடுத்து உடையும். உடைந்த கம்பியோடு மூட்டை ஏற்றவேண்டாம். இளகியதைக் காற்சுற்றுக்குமேல் ஒரே தடவையில் இறுக்காமல், கவையில் ஒரு ஈர்க்கைக் கட்டி, அதன் நுனி றிம்மைத் தொடும் தொடாத இடத்தில் வைத்து, சில்லைச் சுற்றி நெளிவைப் பாருங்கள்.

கம்பிகளைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று: பின்னால் இருக்கும் சிறுபிள்ளையின் குதிக்கால் சில்லுக்குள் போவது எமது கிராமங்களில் அடிக்கடி கேள்விப்படும் விபத்து. காலூன்ற எட்டாத பிள்ளைக்குச் சில்லின் இரு பக்கமும் வலையோ தகரமோ அடித்துக் கொடுங்கள்.

காற்றுக்குத் தயாரிப்பாளர் இரண்டு அளவு கொடுத்திருப்பார்; தனியே ஓட ஒன்று, பாரத்தோடு ஓட அதைவிடக் கூடியது. பாரம் ஏற்றுபவர்கள் இரண்டாவதையே கடைப்பிடிக்கவேண்டும். ரியூப்பின் வால்வு நேராக நில்லாமற் சரிந்திருந்தால், காற்றுக் குறைந்து ரயர் றிம்மில் வழுக்குகிறது என்று பொருள். விரைவில் வால்வு அடியோடு கிழியும். மூட்டையைக் கரியரின் வாலிற் கட்டாமல், கூடியவரை இருக்கையோடு ஒட்டிக் கட்டுங்கள். அச்சுக்குப் பின்னால் தள்ளிப் போகும் பாரம் முன்சில்லைத் தூக்கும்.

பூட்டியபின்

சில்லு முன்னோ பின்னோ நகர்ந்திருப்பதாற் பிறேக்கும் மாறியிருக்கும். மிதியை 20 முதல் 30 மி.மீ. வரை அமத்தியபின் பிடிக்குமாறு பிறேக் நட்டைத் திருகுங்கள். பின்விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். சில்லைக் கையாற் சுற்றிவிட்டால் தடையின்றிச் சில சுற்றுக்கள் ஓடவேண்டும். ஒரு மைல் தூரம் வெறுமையாக ஓடி வந்து, ஹப்பின் பக்கத்திற் கையை மெல்ல வைத்துப் பாருங்கள். சுட்டாற் பிறேக் உரசுகிறது. நட்டை ஒரு சுற்று இளக்கி, மீண்டும் ஓடிப் பாருங்கள். பெற்றோலும் அதில்தான் வீணாகும். கடைசியாக அச்சு நட்டுக்கு மீண்டும் ஒருமுறை ஸ்பனர் வைத்துப் பார்த்துவிட்டு மூட்டையை ஏற்றலாம்.